போக்கரில் தேறப் பயிற்சி இலக்கு வைப்பது எப்படி? என் ஓராண்டுத் திட்டம் இது, கிழித்துத் தொங்கவிடுங்கள்

ஆறாம்_நாற்காலி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆடுவது நோ-லிமிட் ஹோல்டம் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு, பெட்டுக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர்), இணையத்தில், ஆறு பேர் மேசை, இருப்பதிலேயே சின்ன பிளைண்ட் (கட்டாயப் பந்தயம்). விதிகள் தெரியும், பொசிஷன் (யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் ஆடுகிறோம் என்பது) ஏன் முக்கியம் என்று தெரியும், பாட் ஆட்ஸ் கணக்கை, அதாவது தொடர்ந்து ஆடப் போடும் காசுக்கு எத்தனை சதவீதம் ஜெயிக்க வேண்டும் என்பதை, கொஞ்சம் யோசித்தால் போட்டுவிடுவேன். வேலைக்குப் போகிறவன், ஆகவே ராத்திரி இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். இதைத் தொழிலாக எடுக்கும் எண்ணமெல்லாம் இல்லை, ஆனால் மேசையில் உட்கார்ந்தால் நன்றாக ஆடுகிறவன் என்று நாலு பேர் நினைக்க வேண்டும்.

ஓராண்டுக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். மாதம் பத்து பை-இன் (மேசையில் உட்காரும்போது கொண்டுவரும் முழுத் தொகை) லாபம். ஆறு மாதத்தில் இரண்டு படி மேலே, பெரிய பிளைண்ட் மேசைக்கு. சால்வர் (சிறந்த ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) வாங்கி எல்லா பிளாப்பையும் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) படித்து முடிப்பது. தினம் இரண்டு மணி நேரம், இரண்டு மேசை, தவறாமல் ஆட்டம். 10,000 மணி நேரம் உழைத்தால் எதிலும் தேறலாம் என்கிறார்களே, அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்குப் பதின்மூன்று வருடத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது, அதை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது. இது நடக்கிற காரியமா? எதை வெட்டலாம்? முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எண்கணக்கன் எழுதியது:

முதல் வரியிலேயே கத்தரியை வைக்கிறேன் நண்பரே.

இரண்டு மேசை, மேசைக்கு மணிக்கு எழுபது கை என்று வைத்தால் தினம் 280 கை, மாதம் சுமார் 8,400. பத்து பை-இன் என்பது 1,000 பிக் பிளைண்ட் (இரண்டு கட்டாயப் பந்தயத்தில் பெரியது). அதாவது 100 கைக்குப் பன்னிரண்டு பிக் பிளைண்ட் லாபம் வேண்டும் என்கிறீர்கள். சின்ன மேசையில்கூட அதை நீண்ட காலம் தக்கவைப்பவர்கள் ரொம்பக் குறைவு, ஐந்து வந்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள்.

அது கிடக்கட்டும், பெரிய சிக்கல் வேறு. ஆறு பேர் நோ-லிமிட் ஆட்டத்தில் 100 கைக்கு ஏற்ற இறக்கம், புள்ளியியலில் திட்ட விலக்கம் என்பார்களே அது, 80இலிருந்து 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும். 90 என்று எடுத்துக்கொள்வோம். 10,000 கைகள் ஆடினால் உங்கள் சராசரியில் உள்ள பிழை 100 கைக்கு 9 பிக் பிளைண்ட். உண்மையிலேயே 100 கைக்கு 5 ஜெயிக்கும் திறமை உள்ளவர்கூட 10,000 கைகள் முடிந்ததும் நஷ்டத்தில் நிற்பதற்கு ஏறக்குறைய 29 சதவீத வாய்ப்பு உண்டு. பத்து மாதத்தில் மூன்று மாதம், ஒரு தப்பும் செய்யாமல், உங்கள் இலக்குப்படி நீங்கள் தோற்றவர்.

ஒரு வருடம் முழுக்க ஆடினால் உங்களுக்கு ஒரு லட்சம் கைகள் சேரும். அப்போதும் பிழை 2.85. வருடக் கடைசியில் கணக்கு 100 கைக்கு 5 என்று காட்டினால், உண்மைத் திறமை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயும் இருக்கலாம், பத்துக்கு மேலேயும் இருக்கலாம், 95 சதவீத நம்பிக்கையில் அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு வருட உழைப்புக்குப் பிறகும் "நான் ஜெயிக்கிறவனா?" என்ற கேள்விக்கு பண வரவு தெளிவான பதில் சொல்லாது. அப்படி இருக்க மாதா மாதம் அதையே கேட்டுக்கொண்டிருந்தால் என்ன கிடைக்கும்?

நடுராத்திரி_ரிவர் எழுதியது:

வந்துவிட்டார் கணக்கு வாத்தியார்.

நான் சொல்கிறேன், திட்டம் கிட்டம் எல்லாம் வேண்டாம், ஆடு. நிறைய ஆடு. தோற்றால் வலிக்கும், வலித்தால் ஏன் என்று யோசிப்பாய், யோசித்தால் கற்றுக்கொள்வாய். அந்தக் காலத்தில் நன்றாக ஆடினவர்கள் யாரும் சதவீதம் எழுதி வைத்து ஆடவில்லை. கடைசியில் இது பணத்துக்கு ஆடும் ஆட்டம், பணம்தான் மதிப்பெண். அதைப் பார்க்காதே என்றால் எதைப் பார்த்து ஆடுவது? எனக்குப் புரியவில்லை.

எண்கணக்கன் எழுதியது:

> தோற்றால் வலிக்கும், வலித்தால் ஏன் என்று யோசிப்பாய்

தோற்றதெல்லாம் தப்பான ஆட்டமாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஏஸ் ஜோடியோடு கிங் ஜோடியை எதிர்த்து முழுப் பணத்தையும் போட்டால் 100க்குச் சுமார் 18 தடவை தோற்கத்தான் போகிறீர்கள். அந்த வலி என்ன கற்றுக்கொடுக்கும், ஏஸை ஃபோல்ட் செய்யவா (கையைக் கைவிடவா)? மறுபக்கம், கட்-ஷாட்டுக்கு (வரிசை முடிய நடுவில் ஒரே ஒரு எண் வர வேண்டிய கைக்கு) முழு பாட் அளவு, அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பணம் அளவு, பெட்டைக் கால் செய்து (ஈடுகட்டி) ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) அடித்தவருக்கு வலியே இல்லை, அவர் நாளைக்கும் கால் செய்வார். வலி வேண்டியது அங்கேதான்.

மெல்ல_ஆடு எழுதியது:

இரண்டு பேரும் பாதி பாதி சொல்கிறீர்கள். பண இலக்கு வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் "நல்ல முடிவு எடு" என்று மொட்டையாகச் சொன்னால் அந்தத் தம்பி நாளை ராத்திரி எதைத் திறந்து வைத்து உட்காருவார்? அதைப் பேசுவோம்.

என் அபிப்பிராயத்தில் இலக்கு என்றால் மூன்று கேள்விக்கு நிற்க வேண்டும். என் கையில் இருக்கிறதா? முடிந்ததா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் சோதிக்க முடியுமா? அடுத்த செஷனிலேயே மேசையில் பயன்படுமா? "சால்வரில் எல்லா பிளாப்பும்" மூன்றிலும் தோற்கிறது. மொத்த பிளாப்புகள் 22,100, ஜாதி (ஸ்பேடு, ஹார்ட் போன்றவை) மாற்றினால் ஒன்றாகிவிடுபவற்றைச் சேர்த்து எண்ணினாலும் 1,755 வெவ்வேறு பிளாப். அதை ஒவ்வொரு பொசிஷனுக்கும் ஒவ்வொரு பெட் அளவுக்கும் பெருக்கிக்கொள்ளுங்கள். யாராலும் முடியாது, முடியவும் தேவையில்லை.

முதல் மாதத்துக்கு நான் கொடுப்பது பிளாப்புக்கு முந்தைய ஆட்டம் மட்டும்தான். ஏனென்றால் ஒவ்வொரு கையிலும் அந்த முடிவு வருகிறது, ரிவரில் ஓவர்பெட் (பாட்டைவிடப் பெரிய பெட்) எப்போதாவது வரும். தொடக்கக் கைகள் 1,326 சேர்க்கை, வகையாகப் பிரித்தால் 169. முதல் இருக்கையிலிருந்து திறக்கும் (முதல் ஆளாகப் பெட் வைத்து நுழையும்) கைகள் ஆறில் ஒன்று அளவு, பட்டனில் (பிளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இருக்கை) பத்துக்கு நான்கு ஐந்து. ஏதோ ஒரு நம்பகமான அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள், எது என்பது பெரிய விஷயமில்லை, வாரம் ஒரு அட்டவணை மாற்றாமல் இருப்பதுதான் விஷயம். முதல் வாரம் பட்டனிலிருந்து திறப்பது. வெறும் 169 கட்டம் போட்ட தாளில் பார்க்காமல் நிரப்புங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். ஏஸ் ஜோடியைத் தவறவிடப்போவதில்லை, ஓரத்தில் உள்ள கைகள்தான் சோதனை. ஓரத்தில் ஐந்து ஆறுக்கு மேல் தப்பு வராத நிலை வந்ததும் அடுத்த பொசிஷன். பிக் பிளைண்டைக் காப்பது (அந்த இருக்கையிலிருந்து மற்றவர் பெட்டை எதிர்கொள்வது) கடைசியில், அது தான் ரொம்பக் கஷ்டம், அங்கேதான் பலருக்கும் பணம் ஒழுகுகிறது.

இதோடு கூடவே பாட் ஆட்ஸ் யோசிக்காமல் வர வேண்டும். அரை பாட் பெட்டுக்குக் கால் செய்ய 25 சதவீதம், முக்கால் பாட்டுக்கு 30, முழு பாட்டுக்கு 33, இரட்டை பாட்டுக்கு 40. இந்த நான்கும் வாய்ப்பாடு மாதிரி நாக்கில் நிற்க வேண்டும். பிளாப்பில் ஃபிளஷ் டிராவுக்கு (ஒரே ஜாதி ஐந்துக்கு ஒரு சீட்டு குறையும் கை) ஒன்பது அவுட் (வந்தால் கை முழுமையாகும் சீட்டுகள்), ரிவர் வரை 35 சதவீதம், அடுத்த ஒரு சீட்டுக்கு 19. அவுட் எண்ணிக்கையை, இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் நான்கால் பெருக்கு, ஒன்று என்றால் இரண்டால் பெருக்கு என்ற சுருக்கு வழி எட்டு ஒன்பது அவுட் வரை நன்றாக வேலை செய்யும், பதினைந்து அவுட்டுக்கு 60 என்று காட்டும், உண்மையில் 54 தான். "கொஞ்சம் யோசித்தால் போட்டுவிடுவேன்" என்கிறீர்கள், அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எதிராளி என்ன வைத்திருக்கிறான் என்று யோசிக்க வேண்டிய மூளை வீணாகிறது.

ஆறாம்_நாற்காலி எழுதியது:

நன்றி அக்கா, எண்கணக்கன் அண்ணனுக்கும். வருடக் கடைசியில்கூடத் தெரியாது என்ற கணக்குதான் தூக்கிவாரிப்போட்டது.

சரி, பணத்தைப் பார்க்கவில்லை. ஆனால் முன்னேறுகிறேனா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? பிளாப்புக்கு முந்தையதைத் தாளில் சோதிக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். பிளாப்புக்குப் பிறகு?

மெல்ல_ஆடு எழுதியது:

நல்ல கேள்வி, இதில்தான் பெரும்பாலானவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஆடும்போது குழப்பமாக இருந்த கைகளைக் குறியிட்டு வையுங்கள், செஷனுக்கு மூன்று போதும். பெரிய பாட் என்பதற்காக இல்லை, தோற்றது என்பதற்காகவும் இல்லை, முடிவெடுக்கும் நொடியில் தெரியாமல் தடுமாறினீர்கள் என்றால் மட்டும். மறுநாள் அதை எடுத்து, கடைசி முடிவுக்கு முன்னால் நிறுத்தி, எதிராளியிடம் என்னென்ன கைகள் இருக்கலாம் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஜோடி என்றால் ஆறு சேர்க்கை, ஏஸ்-கிங் என்றால் பதினாறு, அதில் ஒரே ஜாதி நான்கு. மேசையில் ஒரு ஏஸ் விழுந்துவிட்டால் ஏஸ்-கிங் பன்னிரண்டாகக் குறையும், ஏஸ் ஜோடி மூன்றாகும். எழுதி முடித்து உங்கள் பதிலையும் எழுதிய பிறகுதான் சால்வரையோ, உங்களைவிட நன்றாக ஆடும் ஒருவரையோ கேட்க வேண்டும். முதலில் விடையைப் பார்த்துவிட்டு "ஆமாம், நானும் இதைத்தான் நினைத்தேன்" என்பது பயிற்சியே இல்லை, அது பொழுதுபோக்கு.

இப்படி வாரம் பத்துப் பன்னிரண்டு கைகள் சேரும். அதில் எத்தனை தடவை உங்கள் பதில் சரியான பதிலுக்குப் பக்கத்தில் வந்தது என்று குறித்து வையுங்கள். அதைவிட முக்கியமாக, எந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தப்பு வருகிறது என்று பாருங்கள். ஒரே இடம் மூன்று தடவை வந்தால் அடுத்த மாத இலக்கு அதுவேதான், வேறு எதுவும் தேட வேண்டாம்.

டிராக்கர் (ஆடிய கைகளைப் பதிந்து கணக்குக் காட்டும் மென்பொருள்) இருந்தால் அதுவும் உதவும், ஆனால் எதை நம்புவது என்று தெரிந்து பார்க்க வேண்டும். எத்தனை சதவீதக் கைகளில் விரும்பிப் பணம் போடுகிறீர்கள் என்பது சில நூறு கைகளிலேயே ஓரளவு நிலைபெறும். ரிவர் பெட்டுக்கு எவ்வளவு ஃபோல்ட் செய்கிறீர்கள் என்பதற்கு ஆயிரக்கணக்கில் கைகள் வேண்டும், அந்த எண்ணை ஒரு வாரத்தில் பார்த்துப் பதறக் கூடாது. அப்புறம், அந்த லாப வரைகோட்டைத் திரையிலிருந்து மறைத்துவிடுங்கள், செஷன் முடியும் வரை.

நேரடி_மேசை எழுதியது:

இணையக்காரர்கள் லட்சம் கை என்று சாதாரணமாகப் பேசுகிறீர்கள், எங்களையும் கொஞ்சம் நினையுங்கள். நேரடி மேசையில் மணிக்கு 25இலிருந்து 30 கை. வாரம் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் வருடத்துக்கு ஒன்பதாயிரம் கை வந்தால் அதிகம். எண்கணக்கன் சொன்ன ஒரு லட்சத்துக்கு நான் பத்து வருடத்துக்கு மேல் உட்கார வேண்டும், அதற்குள் மேசையில் இருக்கும் அத்தனை பேரும் மாறிவிடுவார்கள். எங்களுக்குப் பண இலக்கு என்பது சுத்தமாக அர்த்தமே இல்லாத ஒன்று.

ஆனால் எங்களுக்கு ஒன்று இருக்கிறது, நேரம். நான்கில் மூன்று கைகளுக்கு மேல் ஃபோல்ட் செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். பெரும்பாலானவர்கள் அப்போது கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். நான் வைத்துக்கொள்ளும் இலக்கு: நான் இல்லாத பாட்டில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) அவரிடம் என்ன இருக்கும் என்று மனதில் சொல்லிக்கொள்வது, சீட்டு திறக்கப்பட்டால் சரிபார்ப்பது. இதற்குக் காசு கிடையாது, ரேக் (மேசை எடுத்துக்கொள்ளும் பங்கு) கிடையாது, பதிலும் அங்கேயே கிடைக்கிறது. முகத்தைப் படிப்பது, கை நடுங்குகிறதா என்று பார்ப்பது எல்லாம் சினிமாவில் சரி, பெட் எந்த அளவில் எந்தக் கையோடு வருகிறது என்று கவனித்தாலே போதும். ஒரே மனிதர் டிராவோடு கால் செய்வதும் நல்ல கையோடு ரெய்ஸ் செய்வதும் (பெட்டை உயர்த்துவதும்) மாறவே மாறாது, ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும்.

படிப்பாளி எழுதியது:

அந்த 10,000 மணி நேரத்தை யாரும் தொடவில்லையே, நான் தொடுகிறேன்.

அதன் வேர் 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் இரண்டு சக ஆய்வாளர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு. சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். சராசரி என்றால் அதைவிடக் குறைவாகச் செய்தவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள் என்று அர்த்தம். அது கடக்க வேண்டிய கோடு என்று ஆய்வு சொல்லவில்லை, பிற்பாடு எரிக்சனே அந்த விளக்கத்தை மறுத்திருக்கிறார். ஆகவே பதின்மூன்று வருடக் கணக்கைத் தூக்கி எறியுங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அவர்கள் எண்ணியது ஆசிரியர் கொடுத்த குறிப்பிட்ட பயிற்சியைத் தனியாக உட்கார்ந்து செய்த நேரத்தை, மேடையில் வாசித்த நேரத்தை அல்ல. போக்கரில் மேசையில் உட்காருவது கச்சேரி, சாதகம் இல்லை. அதுவும் எப்படிப்பட்ட கச்சேரி, அபஸ்வரத்துக்குக் கைதட்டும், சுருதி சேர்ந்தால் சில நாள் எழுந்து போய்விடும். அதனால்தான் நடுராத்திரி_ரிவர் சொல்லும் "ஆடு, தானாக வரும்" வயலினில் வேலை செய்வதைவிட இங்கே குறைவாக வேலை செய்யும். சுருதி சரியா என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு காது வேண்டும். ஒரே அளவு பிளைண்டில் ஆடும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை கைகளைப் பேசினால் அதுவே பெரிய ஆசிரியர்.

நடுராத்திரி_ரிவர் எழுதியது:

கச்சேரி உவமை நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இந்த சால்வர் பைத்தியம் மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. எல்லாரும் இயந்திரம் சொன்னதை மனப்பாடம் செய்து ஆடினால் அது என்ன ஆட்டம்? சின்ன மேசையில் எதிரில் இருப்பவன் இயந்திரம் மாதிரியா ஆடுகிறான்? அவன் எதையும் கால் செய்வான், ரிவரில் பெரிதாக பெட் செய்தால் உண்மையிலேயே வைத்திருப்பான். இதற்கு எதற்கு சால்வர்?

எண்கணக்கன் எழுதியது:

இதில் உங்கள் பக்கம் ஞாயம் இருக்கிறது, ஆச்சரியப்படாதீர்கள்.

சால்வர் கணக்குப் போடுவது எதிராளியும் தப்பே செய்யாமல் ஆடுகிறான் என்று வைத்துத்தான். மனிதர்கள் போட்டியாக ஆடும் போக்கரில் ஏறக்குறைய முழுதாகத் தீர்க்கப்பட்டதாகச் சொல்லக்கூடியது இரண்டு பேர் ஆடும் லிமிட் ஹோல்டம்தான் (பெட் அளவுக்கு வரம்பு உள்ளது), 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் செஃபியஸ் என்ற கணினி நிரல் செய்தது. நாம் ஆடும் ஆறு பேர் நோ-லிமிட் அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது, அதை மனப்பாடம் செய்கிறேன் என்பது வெறும் பேச்சு.

2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை இரண்டு பேர் நோ-லிமிட்டில் தோற்கடித்தது. அதில் எனக்குப் பிடித்த விவரம் வெற்றி இல்லை, அதை எப்படி நடத்தினார்கள் என்பது. 120,000 கைகள் ஆடினார்கள், அதோடு ஒருவருக்கு வந்த சீட்டு இன்னொரு மேசையில் இயந்திரத்துக்குப் போகும்படி ஜோடி ஜோடியாக அமைத்தார்கள், அதிர்ஷ்டம் கழியட்டும் என்று. ஆய்வாளர்களே அவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது, நாம் ஒரு மாத லாபத்தை வைத்து "தேறிவிட்டேன்" என்கிறோம்.

சால்வரிடம் "என்ன செய்ய வேண்டும்" என்று கேட்பதைவிட "ஏன்" என்று கேட்பது பயன். காய்ந்த (டிராவுக்கு வாய்ப்புக் குறைந்த) ஏஸ் பிளாப்பில் சின்ன பெட் ஏன் அடிக்கடி வருகிறது, சீட்டுகள் அடுத்தடுத்து ஒட்டிய பிளாப்பில் ஏன் செக் (பெட் வைக்காமல் விடுவது) கூடுகிறது. காரணம் புரிந்தால் எதையும் கால் செய்பவனிடம் எங்கே விலக வேண்டும் என்று தெரியும். அவனிடம் பிளஃப்பை (கை இல்லாமல் மிரட்டும் பெட்டை) குறை, நல்ல கைக்குப் பெரிதாக பெட் செய். ஆறாம்_நாற்காலி இருக்கும் மேசைக்கு முதல் ஆறு மாதம் சால்வர் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

படிக்கட்டு எழுதியது:

கொஞ்சம் கசப்பான விஷயம், யாராவது சொல்ல வேண்டும்.

நீண்ட காலக் கணக்கில் பெரும்பாலானவர்கள் இந்த ஆட்டத்தில் நஷ்டம்தான். ரேக் என்று மேசை எடுத்துக்கொள்ளும் பங்கு, அதுவும் சின்ன பிளைண்டில் பாட்டை ஒப்பிட்டால் அதிகம், எல்லாருடைய பையிலிருந்தும் போகிறது. எதிராளிகளைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது, ரேக்கையும் தாண்டிப் போக வேண்டும். ஆகவே "திறமை கூடுகிறது, ஆனால் லாபம் இல்லை" என்பது ஒரு சாத்தியமான முடிவு, அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்றால் காசு இல்லாமல் ஆடிப் படிப்பது நல்லது.

படி ஏறுவதற்கும் நாள் குறிக்காதீர்கள். ஆறு மாதத்தில் இரண்டு படி என்றால் ஐந்தாம் மாதக் கடைசியில் கையில் பணம் இல்லாமலே ஏறத் தோன்றும். இந்த ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய பணம் மேல் படியின் முப்பது பை-இன் ஆகும்போது ஏறலாம், இருபதுக்குக் கீழே போனால் யோசிக்காமல் இறங்க வேண்டும். நிறுத்தும் விதியும் இலக்குதான்: இரண்டு பை-இன் போனால் அன்றைக்கு எழுந்துவிடுவது. கேட்கச் சின்னதாக இருக்கும், பட்டியலில் உள்ளதிலேயே கடினமானது இதுவாக இருக்கலாம். டில்ட்டில் (தோற்ற எரிச்சலில் நிதானம் இழந்து) அரை மணி நேரம் ஆடினால் ஒரு மாதம் அட்டவணை நிரப்பியதெல்லாம் போச்சு. போன பணத்தைப் பிடிக்க ஆடுகிறோம், வீட்டில் மறைக்கிறோம், வேறு செலவுக்கான காசை எடுக்கிறோம் என்று வந்தால் அப்புறம் பயிற்சித் திட்டத்தைப் பற்றிப் பேசவே கூடாது, ஆட்டத்தை நிறுத்திவிட்டு உதவி தேட வேண்டும்.

ஆறாம்_நாற்காலி எழுதியது:

எல்லாவற்றையும் வைத்து மாற்றி எழுதியிருக்கிறேன். வருடத் திட்டத்தையே விட்டுவிட்டேன், இது முதல் மூன்று மாதம் மட்டும்.

வாரம் நான்கு ராத்திரி ஆட்டம், ஒரு மேசைதான், இரண்டு ராத்திரி படிப்பு, ஒரு ராத்திரி விடுமுறை. முதல் மாதம் எல்லாப் பொசிஷனிலும் திறக்கும் கைகளைத் தாளில் நிரப்புவது. இரண்டாம் மாதம் பிக் பிளைண்ட் காப்பது, ரெய்ஸுக்கு மறு ரெய்ஸ், ரிவர் பிளஃப் பிடிப்பது. மூன்றாம் மாதம் பிளாப்பில் தொடர் பெட் (முன்பு ரெய்ஸ் செய்தவரே மறுபடி வைப்பது), டர்னில் இரண்டாவது பெட், செக்-ரெய்ஸ் (செக் செய்துவிட்டு, எதிராளி பெட் வைத்ததும் உயர்த்துவது). செஷனுக்கு மூன்று கை குறியிடுவது. இரண்டு பை-இன் போனால் எழுவது. இப்போது சரியா?

மெல்ல_ஆடு எழுதியது:

நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டாம் மாதத்தில் மூன்று மாத வேலை இருக்கிறது. பிக் பிளைண்ட் காப்பது மட்டும் வையுங்கள், மறு ரெய்ஸ் அதோடு ஒட்டி வருவது வரட்டும். ரிவர் பிளஃப் பிடிப்பதை எடுத்துவிடுங்கள். செக்-ரெய்ஸையும். மூன்றாம் மாதத்துக்குப் பட்டன் எதிர் பிக் பிளைண்ட், ஒரே ரெய்ஸ் போன பாட், பிளாப் பெட், அவ்வளவுதான். அந்த ஒரு சூழல்தான் உங்கள் மேசையில் அடிக்கடி வரப்போகிறது.

ஒரு மேசை என்று குறைத்தது நல்ல முடிவு. ஒவ்வொரு செஷனுக்கும் முன்னால் ஒரே ஒரு வரி எழுதி எதிரில் ஒட்டுங்கள், "இன்று பிக் பிளைண்டில் மூன்று நொடி யோசிக்காமல் எதையும் ஃபோல்ட் செய்யக் கூடாது" என்ற மாதிரி. முடிந்ததும், கணக்கில் உள்ள பணத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த வரியைக் காப்பாற்றினீர்களா என்று குறியுங்கள். முன்னால் என்பது முக்கியம், ஜெயித்திருந்தால் எல்லாருக்கும் தாராள மனசு வந்துவிடும்.

சீட்டுத்தாள் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் டோர்னமென்ட் மட்டும் ஆடுகிறேன், இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

எண்கணக்கன் எழுதியது:

பொருந்தும், ஆனால் அங்கே ஏற்ற இறக்கம் இன்னும் பல மடங்கு. பெரிய கூட்டம் ஆடும் டோர்னமென்ட்டில் நல்ல ஆட்டக்காரரே நூற்றுக்கணக்கான தடவை பெரிய பரிசு பார்க்காமல் போவது சகஜம், நூறு பை-இன்னாவது கையில் வேண்டும் என்பது அதனால்தான். பயிற்சியை பத்து பதினைந்து பிக் பிளைண்ட் மட்டும் மிச்சமிருக்கும் நிலையிலிருந்து தொடங்குங்கள். முழுசாகப் போடுவதா, ஃபோல்டா என்ற அளவுக்கு ஆட்டம் சுருங்கிவிடும், பதில்கள் தெளிவாகக் கணக்கிடப்பட்டவை, தாளில் சோதிக்க எளிது. பரிசுப் பட்டியலை நெருங்கும்போது சிப்புக்கும் பணத்துக்கும் மதிப்பு ஒன்றாக இருக்காது, அது இரண்டாவது பாடம். இதற்குத் தனி இழை திறங்கள், இங்கே கலந்தால் குழம்பும்.

ஆறாம்_நாற்காலி எழுதியது:

முதல் குறியிட்ட கை, போடலாமா? முடிவு என்ன ஆனது என்று சொல்லப்போவதில்லை.

இரண்டு பேரிடமும் 100 பிக் பிளைண்ட். பட்டனில் எனக்கு ஏஸ்-பத்து, இரண்டும் ஸ்பேடு. 2.5 பிக் பிளைண்டுக்குத் திறந்தேன், பிக் பிளைண்ட் இருக்கையில் இருந்தவர் கால். பாட் 5.5. பிளாப்: ஹார்ட் பத்து, ஹார்ட் ஏழு, கிளாவர் இரண்டு. அவர் செக், நான் 2.25, கால். டர்ன் ஸ்பேடு நான்கு. செக், நான் 5, கால். பாட் 20. ரிவர் ஹார்ட் ஒன்பது. அதுவரை செக் செய்தவர் திடீரென்று தானே 15 பெட் செய்தார். முக்கால் பாட், எனக்கு 30 சதவீதம் வேண்டும். என்னால் இதுவரைதான் போக முடிந்தது.

நடுராத்திரி_ரிவர் எழுதியது:

ஃபோல்ட். அடுத்த கை.

மெல்ல_ஆடு எழுதியது:

பதில் அநேகமாக அதுதான், ஆனால் எண்ணிவிட்டு வருவோம்.

ஜெயிக்கும் கைகளை முதலில் எழுதுங்கள். ஏழு ஜோடி (7-7) மூன்று, இரண்டு ஜோடி (2-2) மூன்று. ஒரே ஜாதி பத்து-ஒன்பது என்றால் டைமண்ட், கிளாவர் இரண்டுதான், ஸ்பேடு பத்து உங்களிடம், ஹார்ட் பத்து மேசையில். ஒரே ஜாதி ஒன்பது-ஏழு மூன்று. நேர் வரிசைக்கு ஜாக்-எட்டு, எட்டு-ஆறு, ஹார்ட் தவிர்த்து ஒரே ஜாதியாக மூன்று மூன்று. இதுவே பதினேழு ஆகிவிட்டது, இன்னும் ஹார்ட் ஃபிளஷ் ஒன்றைக்கூட எண்ணவில்லை. பிளாப்புக்கு முன்னால் ரெய்ஸ் செய்யக்கூடியவற்றைக் கழித்தாலும் அதில் பத்தாவது சேரும். இதில் கொஞ்சம் பேர் பிளாப்பிலோ டர்னிலோ ரெய்ஸ் செய்திருப்பார்கள், ஆகவே தாராளமாகக் கழித்து 21 என்று வைப்போம். 30 சதவீதத்துக்கு அவரிடம் ஒன்பது பிளஃப் வேண்டும்.

இப்போது அந்த ஒன்பதைத் தேடுங்கள். பிளாப்பில் கால் செய்த டிராக்களில் ஹார்ட் எல்லாம் அடித்துவிட்டது. எட்டு-ஆறு அடித்துவிட்டது. ஒன்பது-எட்டு, ஜாக்-ஒன்பது இரண்டுக்கும் ஒரு ஜோடி கிடைத்துவிட்டது, அதைப் பிளஃப்பாக மாற்றும் ஆள் சின்ன மேசையில் அபூர்வம், மாற்றினாலும் ஒரே ஜாதியில் மொத்தம் ஆறு. தேடித் தேடியும் ஒன்பது வரவில்லை.

இன்னொரு வேலை இருக்கிறது. இதே கையை, உங்கள் ஏஸ் ஸ்பேடுக்குப் பதில் ஹார்ட் ஏஸ் என்று வைத்துத் திரும்ப எண்ணுங்கள். ஹார்ட் ஏஸோடு வரும் ஃபிளஷ் அத்தனையும் அவரிடமிருந்து கழிந்துவிடும், ஆனால் பத்து-ஒன்பதும் நேர் வரிசைகளும் அப்படியே இருக்கும். பதில் மாறுகிறதா, மாறாதா, எவ்வளவு தூரம் பக்கத்தில் வருகிறது என்று எழுதிப் போடுங்கள். நான் எண்ணியதை அதற்குப் பிறகு போடுகிறேன்.